பெரிய வெள்ளி வியாகுலப் பிரசங்கத்தை நிறுத்தாதீர்கள்: எங்கள் பங்குத்தந்தைக்கும் அருட்பணிச் சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் ஆலய அருட்பணிச் சபை உறுப்பினர்களுக்கும்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையின் முடிவில் வாசிக்கப்பட்ட அறிவித்தலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வருகிற தவக்காலம் முதல் பெரிய வெள்ளி இரவில், கிறிஸ்துவின் பாடுகளையும் மாதாவின் துயரையும் புலம்பலாகப் பாடும் வியாகுலப் பிரசங்கம் பாடப்படமாட்டாது என்றும், அதற்குப் பதிலாக ஆலய முன்றிலில் எல்.ஈ.டி. திரை கட்டித் திருப்பாடுகளின் படமும் ஒலிப்பதிவுப் பாடல்களும் போடப்படும் என்றும், பழைய மண்டபத்தின் பின்னறை திருத்தப்பட்டு வாடகைக்கு விடப்படும் என்றும், அங்கே அலுமாரியில் கிடக்கும் "பாவனைக்கு உதவாத" புத்தகங்களும் கொப்பிகளும் அகற்றப்படும் என்றும் சொல்லப்பட்டது. சிரமதானத்துக்கும் திருமண அறிக்கைக்கும் நடுவே, இரண்டு நிமிடங்கூடப் பிடிக்காத அறிவித்தல் அது. பிரசங்கம் பாடுகிற பெண்களில் ஒருவரிடமாவது அதற்கு முன்னர் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவர்களில் ஒருத்தி. என் தாயார் பாடினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அவருடைய பெரியம்மாவும் இதே ஆலயத்தில் பாடியவர். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், பெரிய வெள்ளி இரவுகளில் அந்தப் பாயில் இருப்பவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அலுமாரியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் பிரசங்கம்.

சபையின் இளைய உறுப்பினர்கள் சிலர் அதை ஒருமுறையேனும் முழுதாக இருந்து கேட்டதில்லை என்பதை அறிவேன். ஆகவே அங்கே நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன். சிலுவை முத்தி செய்தல் முடிந்து, சனம் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபின், விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டுப் பெண்கள் ஆலயத்தின் நடுவே பாய் விரித்து இருப்பார்கள். ஒருவர் புத்தகத்தை வைத்து வாசிப்பார். வாசிப்பு என்று நாங்கள் சொன்னாலும் அது பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டது. வசனம் நீள நீளக் குரல் மேலே ஏறும். முடியும் இடத்தில், செத்த வீட்டில் எங்கள் பெண்கள் தலைமாட்டில் இருந்து அழுகிற அதே இழுப்பில் இறங்கும். அந்த இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் மறுமொழி பாடுவார்கள். மத்தளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை, ஒலிவாங்கியும் அண்மைக் காலம்வரை இருக்கவில்லை. வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் பக்கத்தில் இருப்பவர் அதே அடியிலிருந்து எடுத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்குக் குரல் மாறியதே தெரியாது. மரித்த மகனை மாதா மடியில் வாங்குகிற இடம் வரும்போது ஆலயத்தின் பின்பக்கத்தில் விசும்பல் கேட்கும். வாசலை ஒட்டி வெள்ளைச் சேலையுடன் நிற்கும் சைவப் பெண்கள் அழுவதையும் நான் கண்டிருக்கிறேன்.

அவர்கள் ஏன் அழுதார்கள் என்பதைத் திருகோணமலையில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர் நாட்களில், 1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிள்ளையைப் பறிகொடுத்து, உடலையும் காணாத தாய்மார் எங்கள் பங்கிலும் அயலிலும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். உடல் இல்லாத வீட்டில் செத்த வீடு கொண்டாட முடியாது. எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, மரண பூசையும் இல்லை. பிள்ளை இறந்தான் என்று சொல்ல வாய் வராது. எடுத்துப்போனவர் யார் என்று சத்தமாகச் சொல்லவும் அந்த நாட்களில் துணிவு வராது. அப்படிப்பட்டவர்கள் வருடத்தில் ஓரிரவு, ஊர் நடுவே, விளக்கம் கேட்பார் இல்லாமல், இன்னொரு தாயின் மகனுக்காக வாய்விட்டு அழ முடிந்தது. என் தாயாருக்கு இது நன்றாகத் தெரியும். அந்த இடம் வந்தால் அவர் வேண்டுமென்றே மெதுவாக வாசிப்பார். எல்.ஈ.டி. திரையில் ஓடும் படம் அவர்களுக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமா என்று உங்களைக் கேட்கிறேன்.

திருகோணமலையில் கத்தோலிக்கத்தின் செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் கோணேசர் கோயிலைத் தாண்டிக்கொண்டு பேச முடியாது. 1620களில் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்து அதன் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்குள்ளால்தான் இன்றும் மலைக்குப் போகிறோம். பீரங்கியோடு வந்த சமயம் என்ற பெயர் எங்களுக்கு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அந்தப் பெயரோடு வந்த சமயம் எப்படி இந்த மண்ணில் அயலவரின் சமயமாக, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குச் சைவக் குடும்பங்களும் மெழுகுதிரியோடு வந்து நிற்கிற சமயமாக மாறியது? ஆளுநர்களின் கட்டளையாலன்று. கொடியேற்றம், கூடு சுற்றுதல், நேர்த்திக்கடன், அன்னதானம், கூத்து, ஒப்பாரி என்று இந்தச் சனம் ஏற்கெனவே தெய்வத்தோடு பேசிக்கொண்டிருந்த வழிகளாலேயே கிறிஸ்துவோடும் பேச விடப்பட்டபோது அது நடந்தது. கத்தோலிக்கம் தமிழரை மாற்றியது என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். தமிழர் கத்தோலிக்கத்தை மாற்றிய மற்றப் பாதி எங்கள் பங்கில் பெரிய வெள்ளி இரவில்தான் மிகத் தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் நிறுத்தப்போவது அதைத்தான்.

பிரசங்கத்தின் வரலாறும் சிறிதல்ல. இலங்கையில் பாடப்படும் வியாகுலப் பிரசங்கத்தை ஆக்கியவராக நாம் மதிக்கும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676இல் கோவாவில் பிறந்தவர். 1705இல் இங்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் எழுதி, 1742இல் இந்நாட்டிலேயே மறைந்தவர். அவர் வந்தபோது கரையோரத்தில் ஒல்லாந்தர் ஆட்சி. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதிலிருந்து 1687இல் புனித யோசே வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், இந்தத் தீவின் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இருந்தவை வீட்டுக்குள் சொல்லப்பட்ட செபங்களும் மூப்பர்மாரின் நினைவும்தான். யோசே வாஸ் அடிகளாருக்கு 2015 ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் பங்கிலிருந்தும் பேருந்து பிடித்துப் போனோம். அவருடைய படத்தை ஆலயத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, அவருக்குப் பின் அவருடைய குருக்கள் சபைத் தோழரான கொன்சால்வெஸ் அடிகளார் விட்டுச்சென்ற பாட்டை "நேரம் எடுக்கிறது" என்று நிறுத்துவது எனக்குப் பொருந்தவில்லை.

உங்கள் காரணங்களைச் சபை உறுப்பினர் சிலரிடம் கேட்டறிந்தேன். இளையோர் வருகிறார்களில்லை என்பது முதலாவது. உண்மை. ஆனால் சபை அவர்களை வரச் சொன்னதும் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பிரசங்கத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாங்க நிதி திரட்டப்பட்டது, நானும் கொடுத்தேன். பிரசங்கம் பாடும் பெண்களிடம் இருந்து நாலு பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஒரு சனிக்கிழமை ஒதுக்கப்படவில்லை. கூப்பிடாத விருந்துக்கு ஆள் வரவில்லை என்று பந்தியைச் சுருட்டுவது நியாயமா?

தமிழ் பழையது, விளங்கவில்லை என்பது அடுத்தது. படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் கடினமான சொற்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பந்தி வரை வந்தும் ஒன்றும் விளங்காமல் போகிற பிள்ளையை நான் காணவில்லை. தெரியாத சொல்லை இராகம் தூக்கிக்கொண்டு போய்விடும். தேவாரமும் திருப்புகழும் ஓதுகிற அயல்வீட்டுப் பிள்ளைகள் அகராதியை வைத்துக்கொண்டா ஓதுகிறார்கள்?

மூன்றாவது காரணம் கனமானது. அதை எடுத்துச் சொன்ன இளம் உறுப்பினரை மதிக்கிறேன். நாங்கள் பாடும் பிரதியில் யூத சனத்தை மொத்தமாகப் பழிக்கும் அடிகள் சில உள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28ஆந் திகதி வெளியிட்ட, ஏனைய சமயங்கள் பற்றிய அறிக்கையில், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அக்காலத்து யூதர் அனைவரையுமோ இக்காலத்து யூதரையோ குற்றஞ்சாட்ட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அடிகள் போக வேண்டும். ஆனால் அதற்கு வழி என்ன? 1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்து வந்த சொல்லை நீக்கினார், மன்றாட்டை நீக்கவில்லை. உரோமாபுரியில் செய்யக்கூடியதை இங்கே செய்ய முடியாதா? பங்குத்தந்தை ஒரு மாலை எங்களோடு இருந்தால் அந்த அடிகளைக் குறித்து, இராகம் உடையாமல் வேறு அடிகள் வைக்கலாம். இனம் இனத்தை மொத்தமாகப் பழித்ததன் விளைவை இந்த ஊர் அறியும். அந்தத் திருத்தத்துக்கு எங்களில் எவரும் மறுப்புச் சொல்லமாட்டோம்.

நாலாவது காரணத்தை எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் பேச்சினிடையே கசிந்தது: கோயிலில் ஒப்பாரி வைப்பது நாகரிகமாக இல்லை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். இதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பதிவுசெய்வது இந்த ஒன்றைத்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

திருச்சபையின் விதிகள் உங்கள் பக்கம் இல்லை என்பதையும் மரியாதையுடன் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. 1963 டிசெம்பர் 4ஆந் திகதிய திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 119ஆம் இலக்கம், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு அவர்களுக்கே உரிய இசை மரபு உண்டு, அது அவர்களுடைய சமய வாழ்விலும் சமூக வாழ்விலும் பெரும் பங்கு வகிக்கிறது, ஆகவே அதற்குத் தகுந்த மதிப்பும் இடமும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. திருவழிபாட்டுப் பேராயம் 1988 ஜனவரி 16ஆந் திகதி பாஸ்கா கொண்டாட்டங்கள் பற்றி அனுப்பிய சுற்றுமடலின் 72ஆம் இலக்கம் இன்னும் நேராக எங்கள் விடயத்துக்கு வருகிறது: சிலுவைப்பாதை, பாடுகளின் பவனி, மரியன்னையின் வியாகுலங்களை நினைவுகூர்தல் ஆகிய பக்திமுயற்சிகளை, மேய்ப்புப்பணிக் காரணங்களை முன்னிட்டு, அலட்சியம் செய்யலாகாது. அதே மடலின் 50ஆம் இலக்கத்தின்படி பெரிய வியாழன் பூசையில் பாடும் உன்னத கீதத்திலிருந்து பாஸ்கா திருவிழிப்பு உன்னத கீதம்வரை மணி ஒலிக்காது. ஆர்கனும் மற்ற வாத்தியங்களும் பாட்டுக்குத் துணையாக மட்டுமே இசைக்கலாம். இது வழிபாட்டுக்குரிய விதி, இரவில் நடக்கும் பக்திமுயற்சிக்கு அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சட்டப்படி அது சரி. ஆனால் மணியையே நிறுத்திவைக்கிற இரவில், மனிதக் குரல் மட்டும் கேட்டுவந்த ஆலயத்தின் முன்றிலில், வாடகை ஒலிபெருக்கியில் பின்னணி இசை முழங்குவது அந்த விதியின் உள்ளக்கருத்துக்கு இசைவானது என்று வாதாட உங்களில் எவரும் துணிவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

சித்திரையில் கிழக்குக் கடல் அடங்கியதும் மேற்குக் கரையிலிருந்து மீன்பிடி வாடி போட வருகிற சிங்களக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் பசன் என்னும் தங்கள் திருப்பாடுகளின் புலம்பல் பாட்டுகளை எப்படிக் காக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சில வருடங்களில் எங்கள் பிரசங்கம் முடிந்தபின் அவர்களில் முதியவர் சிலர் ஆலயத்திலேயே இருந்து தங்கள் மொழியில் பாடியிருக்கிறார்கள். சொல் விளங்காவிட்டாலும் அழுகையின் அமைப்பு எங்களுடையதுதான் என்று என் தாயார் சொல்வார். பேச்சுவார்த்தை மேசைகளில் வராத நெருக்கம் அந்தச் சில நிமிடங்களில் வந்தது. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

இனி அலுமாரி. பின்னறையின் இடதுபக்கச் சுவரோடு நிற்கும் அந்த மர அலுமாரியைச் சபையினர் திறந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன், முன்னைய பங்குத்தந்தை ஒருவரின் அனுமதியோடு. மேல்தட்டில் பிரசங்கப் புத்தகங்களும், அட்டை போன செபப் புத்தகங்களும். கீழ்த்தட்டில் துணிக்கட்டுப் போட்ட கணக்குக் கொப்பிகள். அவைதான் நாட்டுக்கூத்துகளின் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த கூத்துக் கொப்பிகள். ஒன்றின் முதற் பக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டு, அதன் கீழே "சேசு மரி சூசை துணை" என்று எழுதி, பிறகு ஊதா மையில், புள்ளி வைக்காத எழுத்தில், பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவு விருத்தம் தொடங்குகிறது. பக்க ஓரத்தில் வேறொரு கை, பென்சிலால்: "இவ்விடம் மத்தளம் நிற்க. ராசா மூச்செடுக்கட்டும்." வலது மூலையைக் கறையான் தின்றிருக்கிறது, ஆனால் அடிகள் பெரும்பாலும் வாசிக்கக்கூடியவை. எழுதிய அண்ணாவியாரின், அதாவது கூத்துப் பழக்கியவரின், பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லை. இதே அலுமாரி 1964 டிசெம்பர் சூறாவளியில் கூரை பறந்த மண்டபத்தில் நனைந்து காய்ந்தது. 1990இல் சனம் ஓடியபோது பூட்டுடன் நின்றது. 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோதும் தப்பியது. வாடகை வருமானத்திலிருந்து அது தப்புமா என்பது இப்போது உங்கள் கையில்.

கூத்துக் கொப்பி ஒன்றின் பெறுமதி என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். மன்னார்க் கத்தோலிக்கரின் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இல் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்பாக அச்சில் வந்தது. அவர் கத்தோலிக்கர் அல்லர். கிராமத்து அண்ணாவிமாரிடமும் கொப்பிகளிடமும் இருந்ததை ஈழத்தமிழரின் சொத்து என்று கண்டு, அதைப் பல்கலைக்கழகத்துக்கும் நூலகத்துக்கும் கொண்டுபோனவர். அடுத்த ஆண்டு, 1965இல், யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பைத் தொடங்கினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு 1964இல் வித்திட்ட தனிநாயகம் அடிகளாரும் எங்கள் குருவானவர்தாம். தமிழுக்குத் திருச்சபை செய்தது என்ன என்று மேடைகளில் கேட்கப்படும்போதெல்லாம் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் தலைநிமிர்கிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, அவர்கள் தேடித் திரிந்த அதே பொருளைக் குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றுகிறோம்.

கூத்திலும் குறை இருந்தது, மறைக்கவில்லை. ராசா வேடம் எந்தக் குடும்பத்துக்கு, கட்டியகாரன் வேடம் எந்தக் குடும்பத்துக்கு என்பதில் சாதி பார்க்கப்பட்டது. ஆலயத்துக்குள் யார் எங்கே இருப்பது என்பதிலும் ஒரு காலம் பார்க்கப்பட்டது போல. அதை வைத்துக் கூத்தை ஒதுக்க வேண்டுமென்றால் ஆலயத்தையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அலுமாரியில் இன்னொன்றும் இருக்கிறது, அது ஐரோப்பியர் வழிவந்த எங்கள் பறங்கியக் குடும்பங்களுடையது. பாலையூற்றிலும் நகரிலும் வாழும் இவர்களின் முதியவர்கள் வீட்டில் பேசும் போர்த்துக்கீச மொழி முக்கியமாகத் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இன்று எஞ்சியிருக்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இங்கு வந்து அதை ஒலிப்பதிவு செய்தார்கள். கலியாண வீட்டில் வயலினோடு அவர்கள் ஆடும் கபிறிஞ்ஞாவையும் பதிவுசெய்தார்கள். கடல் தாண்டி வந்தவர்கள் மதித்ததை நாம் என்ன செய்தோம்? தமிழ் எழுத்தில் அந்த மொழிச் செபங்களை ஒருவர் எழுதிவைத்த மெல்லிய கொப்பி ஒன்று அதே கீழ்த்தட்டில் கிடக்கிறது. எழுதியவரின் பேரப்பிள்ளைகள் எங்கள் பங்கிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அந்தக் கொப்பியைப் "பாவனைக்கு உதவாதது" என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கலாம். சபைக்கு இல்லை.

ஒன்றை நான் மறுக்கவில்லை: பங்குக்குப் பணம் வேண்டும். கூரை ஒழுகுகிறது, மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டது, அறை வாடகை உதவும். ஆனால் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போனபின், பங்கு மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் வழியைக் கையளிக்க எஞ்சிய இடம் ஆலயமும் இந்த மண்டபமும்தான். 1893இல் எங்கள் மறைமாவட்டம் உருவானபின் பிரான்சிலிருந்தும் பின்னர் அமெரிக்காவிலிருந்தும் வந்த யேசு சபைக் குருக்கள் எங்களுக்குப் பள்ளிக்கூடம், விளையாட்டு, தொழிற்கல்வி எல்லாம் தந்தார்கள், நன்றி மறக்கவில்லை. அவர்கள் தராத ஒன்று பிரசங்கத்தின் இராகம். அது இங்குள்ள பெண்களின் தொண்டையில் இருந்தது. வெளியிலிருந்து வந்ததைத் திரும்ப வரவழைக்கலாம். இது போனால் கேட்டு வாங்க ஓரிடமும் இல்லை. இன்று முழுப் பிரசங்கத்தையும் புத்தகம் பாராமல் இராகத்தோடு நடத்தக்கூடியவர்கள் எங்கள் பங்கில் மிகச் சிலர், எல்லோரும் முதியவர்கள், ஒருவர் படுக்கையில்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை.

பிரசங்கத்தை நிறுத்தும் தீர்மானத்தைத் தவக்காலம் தொடங்குமுன் எழுத்தில் மீளப்பெறுங்கள். சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு அதை அறிவித்தலில் வாசியுங்கள். படம் போடத்தான் வேண்டுமென்றால் பெரிய கிழமையின் வேறொரு நாளில், உதாரணமாகக் குருத்து ஞாயிறு மாலையில் போடுங்கள். பெரிய வெள்ளி இரவு குரலுக்கு உரியதாக இருக்கட்டும். நேரம் நீளம் என்பது மெய்யான தடையென்றால், தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதைக்குப் பின் ஒவ்வொரு பிரசங்கமாகப் பகிர்ந்து பாடவும், பெரிய வெள்ளியில் மாதாவின் புலம்பலை மட்டும் முழுதாகப் பாடவும் நாங்கள் ஆயத்தம்.

பழிக்கும் அடிகளைத் திருத்துவதற்குப் பங்குத்தந்தை ஒரு நாளைக் குறித்துத் தாருங்கள். மறைக்கல்விப் பிள்ளைகளில் விரும்புபவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் எங்களிடம் வந்து கற்க அனுமதி கொடுங்கள். ஆண் பிள்ளைகளும் வரலாம், எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பாடத் தெரிந்தவர்களின் குரலை, முதலில் படுக்கையில் இருப்பவரின் குரலை, இந்த மாதமே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கருவி பாடகர் குழுவிடம் இருக்கிறது.

அலுமாரியிலிருந்து ஒரு தாளும் வெளியே போகக்கூடாது. உள்ளவற்றைப் பட்டியலிட மூவர் போதும்: சபையில் ஒருவர், பறங்கியக் குடும்பங்களில் ஒருவர், எங்களில் ஒருவர். பட்டியல் முடிந்ததும் கொப்பிகளை எண்ணிம வடிவில் பிரதியெடுத்து நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் சேர்க்கக் கேட்போம். மூலப் பிரதிகள் ஆலயத்திலேயே, கறையான் எட்டாத இரும்பு அலுமாரியில் இருக்கட்டும். அந்த அலுமாரிக்கான பணத்தைப் பாடும் பெண்களே சேர்த்துத் தருகிறோம். பின்னறையை வாடகைக்கு விடுவதென்றால் தை மாதம் முதல் உயிர்த்த ஞாயிறு வரை மாலை நேரங்களைக் கூத்துக்கும் பிரசங்கப் பயிற்சிக்கும் ஒதுக்கி, அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக, இத்தகைய தீர்மானங்கள் இனிமேல் பங்கு மக்களின் பொதுக்கூட்டத்தில் பேசப்பட்ட பின்னரே அறிவிக்கப்பட வேண்டும். முதற் கூட்டத்தை அடுத்த மாதப் பூசையொன்றின் பின் கூட்டி, முதுமையால் படியேற முடியாதவர்களுக்காக மண்டபத்தில் அல்லாமல் முன்றிலில் கதிரை போடுங்கள். அதுவரை பின்னறைச் சாவி பங்குத்தந்தையிடமே இருக்கட்டும்.

இங்ஙனம்,
பிரசங்கம் பாடும் பெண்களில் ஒருத்தி,
திருகோணமலை.